புலிமேட்டில் ஏர் பூட்டிய ஏரிமங்கலத்தார்

நலம் சூழ்க. செம்பொறை நாட்டின் முடிகாவலரும், எல்லைப் போரில் வென்று மீண்டவரும், வேங்கைமாடத்து அரியணையில் வீற்றிருந்து நீதி வழங்குபவருமாகிய செங்கோவ வேந்தர் திருமுன்பு, அவர்பொருட்டுக் கீழாற்று நாட்டை ஆண்டுவரும் தமக்கை உமையாழி வாழ்த்துடன் விடுக்கும் ஓலை. தங்கள் நகரில் மழையும் விளைவும் குறைவின்றி இருப்பதாகுக. தங்கள் முழங்கால் நோவும் தணிந்திருப்பதாகுக.

போரில் உறுப்பிழந்த வீரர் உழுதுண்ண, ஆற்றின் வடகரையிலுள்ள புலிமேட்டைத் தாங்கள் அளித்தது நற்செயலே. ஆயினும் வாள் பிடித்தே வளர்ந்த அவர்கள் வேளாண்மை அறியார். நீர் வடியாத வயலில் விதைத்தது அழுகிற்று. மறுமுறை விதைத்தது கருகிற்று. அவர்தம் தலைவரும் வலக்கை இழந்தவருமாகிய வயிரமேகர் என் அவைக்கு வந்து, தம் வீரர் சோர்ந்து ஒருவரோடொருவர் பேசுவதையும் விட்டனர் என்றும், நிலத்தை அரசே திரும்ப ஏற்றுத் தம்மை நகரத்து அறச்சாலையில் சேர்க்கவேண்டும் என்றும் தலைகுனிந்து வேண்டினார். களத்தில் தங்களுக்கு வந்த ஈட்டியைத் தன் தோளில் ஏற்ற எயினனும் புலிமேட்டில்தான் இருக்கிறான். போர் முடிந்த நாள்முதல் அவன் வாய் திறந்ததில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்.

அவ்வேளையில் தென்கரை ஏரிமங்கலத்து உழவர், கொற்றி என்னும் பெண்ணை முன்னிறுத்தி வந்தனர். போருக்குச் சென்ற நம் யானைகள் மிதித்து அவ்வூரின் விளைந்த பயிர் அழிந்ததை நான் மறக்கவில்லை. ஆதலின் புலிமேட்டைத் தமக்கே கேட்பர் என்று எண்ணினேன். கொற்றியோ, அக்கரை சென்று அவ்வீரருடன் வேலைசெய்ய இசைவு மட்டுமே கேட்டாள். காரணம் வினவினேன். தம் ஊர்க் களத்துமேட்டில் நின்றால் அவ்வீரரின் வீடுகள் தெரியும் என்றும், சில நாளாகப் பல கூரைகளில் அடுப்புப் புகை எழவில்லை என்றும் கூறி, "அதைப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை, தாயே" என்றாள். தம்பி, அதன்பின் நான் வேறொன்றும் கேளாது இசைவளித்தேன்.

ஏரிமங்கலத்தார் தம் வயல்வேலை முடித்து, முறைவைத்து அக்கரை சென்றனர். வடிகால் வெட்டினர், நாற்று விட்டுக் காட்டினர், கால் இழந்தோரை வரப்பில் அமர்த்தி நாற்றுமுடி கட்டப் பழக்கினர். பெண்கள் கூழ் கொண்டுசென்று வீரரின் குடும்பத்தாருடன் அமர்ந்து குடித்தனர். கொற்றி தன் சொந்த எருதுகளையே வயிரமேகரிடம் கொடுத்து, ஏர் பிடிக்க ஒரு கை போதும், எருதுகள் குரலுக்கே நடக்கும் என்றாள். அவரோ படைநடத்திய குரலில் அதட்டினார். மிரண்ட எருதுகள் கலப்பையோடு வரப்பேறி ஓட, அவர் சேற்றில் குப்புற விழுந்தார். சிரிக்கத் துணியாது எல்லாரும் நின்றபோது, வரப்பிலிருந்த எயினன், "மெல்லக் கூப்பிடுங்கள், தலைவரே. அவை பகைவர் அல்ல" என்றான். வயிரமேகர் சேற்றிலேயே அமர்ந்து அழுதார், பின் சிரித்தார், வயலே சிரித்தது. அன்று நானும் அங்கிருந்தேன். எயினன் என்னிடம் முதலில் கேட்டது, அரசர் நலமா என்பதே.

அறுவடை மிகுதியில்லை, ஆயினும் அடுத்த விளைச்சல்வரை உண்ணப் போதும். அறச்சாலை வேண்டா என வயிரமேகரே சொல்லிவிட்டார்.

இனி நான் அஞ்சுவதைச் சொல்கிறேன். இச்செய்தியால் மகிழ்ந்த தலைமை அமைச்சர், நாட்டு உழவர் யாவரும் இவ்வாறே அயலூர் சென்று உழைக்கவேண்டும் என ஆணை வரைந்து, தங்கள் கைச்சாத்துக்கு வைத்துள்ளார் என அறிந்தேன். அவரது நல்லெண்ணத்தை ஐயுறேன். ஆயினும் அதைக் கேட்ட கொற்றியின் முகம் வாடிற்று. அதிகாரி ஏவியிருந்தால் எருதை ஓட்டிச் சென்றிருப்போம், உடனமர்ந்து கூழ் குடித்திருக்கமாட்டோம் என்றாள். ஆதலின் தம்பி, அவ்வாணையில் கைச்சாத்திடாதீர். தங்களை இடுப்பில் சுமந்து வளர்த்த உரிமையால் கேட்கிறேன்.

கீழாற்று நாட்டுக்கு நான் இட்ட ஆணை இது: உதவச் செல்வாரிடம் ஓடக்காரர் கூலி பெறாதிருப்பாராக, அதனை என் அரண்மனை கொடுப்பதாக, செல்லாதாரை ஏனென்று எவரும் கேளாதிருப்பாராக. இதனையே தாங்களும் நாடெங்கும் அறிவித்தருள்க.

ஆம்பல் இலச்சினை பொறித்து, தங்கள் மறுமொழிக்குக் காத்திருக்கும் தமக்கை உமையாழி.