பார்க்காமல் இறக்கிய ஷட்டர்

அன்பு மகள் மிஹாருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கை கால் சுகமாகத்தான் இருக்கிறது, இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. நீ அங்கே ஜெர்மனிக் குளிரில் இருமல் இல்லாமல், வேலையில் வம்பு இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. இங்கே பனி இன்னும் விடவில்லை. பின்வாசலில் தோள் உயரம் கிடக்கிறது. இந்த வருடம் நடுநிலைப் பள்ளியில் சேரும் பிள்ளைகள் பத்தொன்பது பேர். சீருடைக்கு அளவெடுப்பது ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. ஒரு பையன் மட்டும் உயரமாக இருக்கிறான், அவன் அம்மா இன்னும் ஓரங்குல மடிப்பு உள்ளே விடச் சொன்னாள், விட்டிருக்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பயமாக இருக்கிறது. போனில் சொல்ல முடியாது, உன் குரலைக் கேட்டால் வேறு ஏதாவது பேசிவிடுவேன். மூக்குக்கண்ணாடிக் கடை கரியா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நிமோனியா. அவரை ஒரு நாள் இரவு முழுக்கக் குளிரில் போட்டுப் பூட்டியது நான். இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாளைக்குள் சொல்லியாக வேண்டும். ஏன் நாளை என்று பின்னால் எழுதுகிறேன்.

முதலில் உன்னிடம் மறைத்த ஒன்று. நீ கடைசியாக வந்துபோனபோது நம் ஷாப்பிங் சென்டரில் பதினொரு கடை திறந்திருந்தது. ஆறு வருடம் ஆகிறது. நீ கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றேன். இப்போது மூன்று. நம் சீருடைக் கடை, மட்சுயேயின் முடி திருத்தும் கடை, நிஷிவாகியின் தேயிலைக் கடை. மற்ற இருபத்தைந்தும் ஷட்டர். நடைபாதை விளக்கில் பாதியை அணைத்துவிட்டோம். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் பதினான்கு ஷட்டரைத் தாண்ட வேண்டும், என் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் வருவதுபோல இருக்கும், மட்சுயேயின் கடையில் ரேடியோ பாடினால்தான் போவேன். இதைப் படித்துச் சிரிப்பாய். சிரி.

காலிக் கடைகளில் பூஞ்சை பிடிக்கிறதென்று புதன்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா ஷட்டரையும் ஏற்றிக் காற்றோட விட்டு, நாலு மணிக்கு இறக்குவோம். முறைப் பலகை யார் கடை ஆணியில் தொங்குகிறதோ அவர் வேலை அது. மூன்று பேர்தான் என்பதால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பலகை என்னிடம் வந்துவிடும். நடைபாதைப் பக்கம் சுவரில் சாவித்துளை, சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், ஷட்டர் தரையைத் தொடும் வரை. திறந்திருக்கும் கடையென்றால் சாத்துகிறேன் என்று குரல் கொடுப்போம். காலிக் கடையில் யாருக்குக் கொடுப்பது. அதோடு, மூடிப்போனவரின் கடைக்குள் நாம் பார்ப்பதில்லை. மீன்கடை மூடிய வாரம் நீ அதன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாய் என்று உன் கையில் ஓர் அடி வைத்தேன், ஏழு வயது உனக்கு. ஏன் அடித்தாய் என்று கேட்டாய். விழுந்தவர்களைக் குனிந்து பார்க்கக் கூடாது என்றேன். நல்ல பதில் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கரியா போன இலையுதிர் காலத்தில் கடையை மூடினார். இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி, மன்னிக்கவும் என்று தாள் ஒட்டியிருந்தார். அந்தத் தாளுக்குத் தலை குனிந்துவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்தைக் கடக்கும்போது எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே போவேன், மற்ற இருவரும் அப்படித்தான். வழியில் அவரைக் கண்டால் பனியைப் பற்றிப் பேசுவோம்.

போன புதன்கிழமை என் முறை. நாலு மணிக்கு இறக்கத் தொடங்கினேன். தரையைப் பார்த்துக்கொண்டே இறக்குவேன், ஷட்டரின் நிழல் வந்து கோடாக முடிந்தால் அடுத்தது. கரியாவின் கடைக்கு வந்தேன். தரையில் ஈரத் தடம் இருந்தது மிஹாரு. பனி உருகிய தண்ணீர், பூட்ஸ் காலின் வடிவில், உள்ளே போயிருந்தது. வெளியே வந்த தடம் இல்லை. பார்த்தேன். நிஷிவாகி கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போயிருப்பார், வெளியே வந்தபோது கால் காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையைத் தூக்கியிருந்தால் போதும். இரண்டு அடி தூரம். தூக்கவில்லை. உள்ளே யாராவது இருந்தால் அது கரியாவாகத்தான் இருக்கும் என்று எங்கோ தெரிந்திருந்ததால்தான் தூக்கவில்லையோ என்று இப்போது நினைக்கிறேன். தன் பழைய கடையில் உட்கார்ந்திருக்கும் மனிதரை நான் பார்த்துவிட்டால் அவர் என்ன செய்வார். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டே நின்றேன். தரையைத் தொட்டது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஊர் ஒலிபெருக்கி. எழுபத்தொன்பது வயது முதியவரை நேற்று முதல் காணவில்லை, சாம்பல் நிறத் தொப்பி, பழுப்பு மேலங்கி, கண்டவர்கள் தகவல் தரவும். இரண்டு முறை சொன்னது. மலையில் பட்டு மூன்றாவது முறையும் கேட்டது. அவர் தனியாக இருப்பவர், மகள் ரியோகோ செந்தாய் நகரில் இருந்து தினமும் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுவாள், எடுக்காததால் போலீசுக்குச் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு அந்த முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா. பாவாடைக்கு மடிப்பு தேய்த்தேன். ஒரு பாவாடைக்கு இருபத்து நாலு மடிப்பு. ஒன்றைத் தேய்த்து முடித்து இரண்டாவதை எடுத்தேன், மூன்றாவதை எடுத்தேன். அவர் இறந்திருப்பார் என்று நினைத்தேன். திறக்காத வரை இறக்கவில்லை என்றும் நினைத்தேன். ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தை யாரும் பார்க்கவில்லை. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

பிறகு மட்சுயேயிடம் போய், என்னோடு கொஞ்சம் வா என்றேன். ஒரு கையில் சீப்போடு வந்தாள். "என்னக்கா, பாவாடைக்கு விழுற மடிப்பெல்லாம் மூஞ்சில விழுந்து கெடக்கு. பேயக் கண்டியா? நம்ம சென்டர்ல பேய்கூட வாடகைக்கு வராதே!" என்றாள். சாவி துளைக்குள் போகவில்லை. அவள் வாங்கித் திருப்பினாள். முழங்கால் உயரம் ஏறியதும் பூட்ஸ் தெரிந்தது, கண் சோதிக்கிற நாற்காலியின் கீழே. மட்சுயேயின் சீப்பு கீழே விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதும் பார்க்கவில்லை, பார்.

உயிரோடு இருந்தார். காலில் பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார், மேலங்கிக்குள்ளும் தாள். உதடு சாம்பலாக இருந்தது. எங்களைப் பார்த்து எழுந்து நிற்க முயன்றார், நிற்க முயன்றுகொண்டே, "தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றார். மட்சுயே அழுதுகொண்டே திட்டினாள், "எந்திரிக்காதீங்க ஐயா, இந்த நேரத்துல என்ன மரியாதை வேண்டிக் கெடக்கு!" ஆம்புலன்சில் ஏற்றும்போது போலீஸ்காரப் பையன் குனிந்து கேட்டான். கரியா தெளிவாகச் சொன்னார், "நானேதான் உள்ள வந்து ஷட்டரை எறக்கினேன். யாரு மேலயும் தப்பில்ல." அவன் எழுதிக்கொண்டான். உள்ளே இருந்து இறக்கவே முடியாது மிஹாரு. கடை மூடியதுமே உள்ளே மின்சாரத்தைத் துண்டித்துவிடுவோம், நடைபாதைச் சுவரில் இருக்கும் சாவி மட்டும்தான் வேலை செய்யும். நிஷிவாகிக்குத் தெரியும், கடைக்காரர் சங்கத் தலைவரே அவர்தான். "பழைய ஷட்டர் பாருங்க, சில நேரம் தானா எறங்கும்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். முறைப் பலகை நம் கடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. மட்சுயேயும் அன்று சாயங்காலம், "விடுக்கா, அவரே சொல்லிட்டாரு. நீ என்ன நீதிபதியா?" என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இவர்கள் எல்லோரும் என்னைக் காப்பாற்றுகிறார்கள். அதனால்தான் பயம். இப்படியே இன்னும் இரண்டு வாரம் போனால் ஷட்டர் தானாக இறங்கியது என்று நானே நம்பிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ரியோகோ வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி. மூன்று கடைக்கும் மூன்று பெட்டி. என் கடை வாசலில் இடுப்பு வளையக் குனிந்து, அப்பா அத்துமீறி உள்ளே நுழைந்து உங்களுக்கு இவ்வளவு தொல்லை கொடுத்துவிட்டார், மன்னிக்க வேண்டும் என்றாள். இரண்டு கையாலும் வாங்கினேன். நானும் குனிந்தேன். குனிந்திருக்கும்போது சொல்லியிருக்கலாம், முகம் தெரியாது. அவள் நிமிர்ந்து, "அத்தை, அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது போலிருக்கு. தன்னைத் தானே போட்டு அடைச்சுக்கறாருன்னா என்ன அர்த்தம்? இனிமே தனியா விட முடியாது" என்றாள். செந்தாயில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் காலியாகியிருக்கிறதாம், கதவை வெளியிலிருந்து பூட்டுகிற பிரிவு. திங்கட்கிழமை மத்தியானம் போய்க் கையெழுத்துப் போடுகிறாள். இங்கே இருக்கும் அவர் வீட்டையும் காலி செய்யப் போகிறாள். பெட்டி மேசைமேல் அப்படியே இருக்கிறது. நாடாவை அவிழ்க்கவில்லை. அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் சாப்பிடுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்குப் புத்தி தடுமாறவே இல்லை. நான் எந்தப் பள்ளிக்கு எத்தனை உருப்படி தைக்கிறேன் என்று கேட்டார். ரியோகோ தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார், "எறங்கறது தெரிஞ்சுது. குரல் குடுக்கத்தான் வாயத் தொறந்தேன். என்ன சொல்லிக் குரல் குடுக்கறது? என் கடையில்லயே இப்ப." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க பாக்கல. அதுக்கு நன்றி. நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்" என்றார். நன்றி என்கிறார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இல்லத்தைப் பற்றிக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். "பொண்ணுகிட்ட வேற மாதிரி சொன்னா உங்களுக்கு வம்பு. நான் எங்க இருந்தா என்ன" என்றார். ரியோகோ வந்துவிட்டாள். நாங்கள் மூவரும் பனியைப் பற்றிப் பேசினோம்.

இன்று ஞாயிறு. சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். போலீஸ் மறுபடி வரும். பள்ளிக்கூடம் சீருடையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடலாம், அப்படியானால் இங்கே இரண்டு கடைதான். அவருக்கு நிமோனியா முற்றினால், டாக்டர் இன்னும் ஒரு வாரம் போக வேண்டும் என்கிறார், முற்றினால் அது என் பெயரில் இருக்கும். நிஷிவாகியும் மட்சுயேயும் பொய் சொன்னதாக ஆகும், அவர்கள் என்னோடு பேசாமல் போகலாம், இருபத்தைந்து ஷட்டருக்கு நடுவில் பேச ஆளில்லாமல் நான் மட்டும். சொல்லாவிட்டால், தெளிவாக இருக்கிற ஒரு மனிதரை வெளியிலிருந்து பூட்டுகிற அறைக்குள் வைப்பார்கள், இந்த முறை யாரும் வந்து திறக்க மாட்டார்கள். அதையும் நான்தான் சாத்தியிருப்பேன்.

அதனால் நாளை காலை எட்டரை மணிப் பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ரியோகோ கையெழுத்துப் போடப் புறப்படுவதற்கு முன். ஷட்டரைச் சொல்வேன், ஈரத் தடத்தைச் சொல்வேன், அந்த ஒரு மணி நேரத்தையும் சொல்வேன். அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அது ஒன்றைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனிப்பைத் திருப்பிக் கொடுத்தால் அவமானப்படுத்துவதாகுமா, வைத்துக்கொண்டால் எப்படித் தின்பேன், தெரியவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டில் சிரிப்பும் சூடும் குறையாமல் இருக்க வேண்டும், அப்பா இருந்தால் சொல்லக்கூடிய வாழ்த்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த முறை கூப்பிடும்போது நான் பரவாயில்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதே, என்ன பரவாயில்லை என்று கேள், விடாமல் கேள், மரியாதைக் குறைவு என்று நினைக்க மாட்டேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தபால் பெட்டி இருக்கிறது. வாய் குறுகலானது, போட்டுவிட்டால் கையை விட்டு எடுக்க முடியாது. பேருந்து வருவதற்கு முன்பே இதைப் போட்டுவிடுவேன்.

உன் அம்மா,
தொமியே
ஞாயிறு மாலை