‘அரைவ்’ என்றால் எங்கே

14 ஒக்ரோபர் 2024, திங்கள்

இன்றைய பாடம் ‘அரைவ்’, அதாவது வந்து சேருவது. வெளிநாட்டு மாப்பிள்ளைகளைக் கட்டிவிட்டு, இங்கிலிஷ் சோதனைக்காகக் கொக்குவிலில் என் விறாந்தைக்கு வந்து படிக்கும் பெண்களுக்கு இந்த ஒரு வினைச்சொல் பிடிபடவே மாட்டேன் என்கிறது. எல்லோரும் பின்னால் ஒரு ‘ரு’ (to) போடுகிறார்கள். பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: நாடு, நகரம் என்றால் ‘இன்’. ஸ்ரேசன், எயார்போட் என்றால் ‘அற்’. இடத்தைச் சொல்லாமல் விட்டால் கேட்கிறவர் எங்கே என்று திருப்பிக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

படிக்க வந்த பிள்ளைகள் கதிரையில் இருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டு இருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போன கிழமை இவர் புறப்பட்டதிலிருந்து மாமி வீடு கூட்ட விடுவதில்லை. பயணம் போனவர் சேர்ந்த செய்தி வரும்வரை விளக்குமாற்றைத் தொடக்கூடாதாம். கொழும்புப் பயணம் என்றால் விடிந்ததும் முடிந்துவிடும். இது ஏஜென்ற் ஒருவன் மூலம் ரஷ்யாவுக்குப் போய், காடு கடந்து, எல்லை கடந்து ஜேர்மனி. அதுவரைக்கும் எப்படிக் கூட்டாமல் இருப்பது என்று கேட்டேன்.

“அவன் சேர்ந்திட்டன் எண்டு சொல்லட்டும். அதுமட்டும் மண்ணோடை இருப்பம்,” என்றார் மாமி.

இவருக்கு நாற்பத்திரண்டு வயது. இங்கே வாடகைக்கு வான் ஓடிப் பிழைத்தது போதாதா? வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். “இஞ்சை என்னை மயூரதன் எண்டு ஆருக்குத் தெரியும்? ரீச்சரின்ரை புருசன் எண்டுதான் தெரியும்,” என்றார்.

19 ஒக்ரோபர், சனி

மழை. செய்தி இல்லை.

23 ஒக்ரோபர், புதன்

குரல் வந்தது. வட்ஸ்அப்பில், மூச்சு வாங்க. “கலா, காட்டுக்கரையிலை நிக்கிறம். கூட்டிக்கொண்டு போறவங்கள் போனை வேண்டி வைக்கப்போறாங்களாம். இனி ஏஜென்ற்தான் உனக்குச் சொல்லுவான். அம்மாட்டைச் சொல்லு, சாப்பாடு பிரச்சினை இல்லையெண்டு.”

சாப்பாடு பிரச்சினை இல்லை என்று இவர் சொன்னால் சாப்பிடவில்லை என்று அர்த்தம். மாமிக்கும் அது தெரியும். இரண்டு பேரும் நம்பியதுபோல் இருந்தோம்.

29 ஒக்ரோபர், செவ்வாய்

ஏஜென்ற் எடுத்தான்.

“அக்கா, ஆள் அரைவ்.”

“எங்கை?”

“அரைவ் எண்டால் அரைவ்தானே அக்கா. பயப்பிடாதேங்கோ.”

“எந்த நாட்டிலை? எந்த ஊரிலை? அவரோடை ஒருக்காக் கதைக்க விடுங்கோ.” லைன் கட்.

நான் உள்ளே திரும்பினபோது மாமியின் கையில் விளக்குமாறு. ஸ்பீக்கரில் போட்டது என் பிழை. அறை, விறாந்தை, முற்றம், ஒழுங்கை வாசல் என்று ஒரு மூலை விடாமல் கூட்டினார். பிறகு பிள்ளையாருக்கு மோதகம் அவித்து அயலுக்கெல்லாம் கொடுத்தார். அவரே இடத்தைச் சொல்லட்டும் மாமி, அதற்குப் பிறகு கூட்டலாம் என்றேன்.

“உனக்கு எல்லாத்திலையும் பிழை பிடிக்கிற பழக்கம்,” என்றார்.

உண்மைதான். இந்த முறை பிழையாக நினைத்தவள் நானாக இருக்கட்டும்.

31 ஒக்ரோபர், வியாழன்

தீபாவளி. ஏஜென்றின் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

6 நவம்பர், புதன்

‘அரைவ்’ திரும்பவும். கடிதம் வந்தாலும் ‘அரைவ்’, குழந்தை பிறந்தாலும் ‘அரைவ்’, யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாலும் ‘அரைவ்’, ஆனால் முடிவுக்கு ‘அற்’ என்று சொல்லிக்கொண்டு போனேன். தர்ஷிகா, லண்டன் மாப்பிள்ளைக்காரி, கையை உயர்த்தினாள்.

“ரீச்சர், போறவைக்கு அரைவ். பாத்துக்கொண்டிருக்கிறவைக்கு என்ன?”

“‘வெயிற்’. பின்னாலை ‘ஃபோர்’ வரும்.”

எழுதிக்கொண்டார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

12 நவம்பர், செவ்வாய்

இவரோடு போன கொடிகாமத்துச் சுபாங்கன் எடுத்தான். போலந்தில் ஒரு முகாமில் இருக்கிறான். முதலில் அழுதான். பிறகுதான் கதை வந்தது.

“அக்கா, மயூரண்ணை எல்லை கடக்கேல்லை. காட்டுக்குள்ளை கால் முறிஞ்சுபோச்சு. தூக்கிக்கொண்டு போனம், கூட்டிக்கொண்டு வந்தவங்கள் விடேல்லை. நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன் எண்டார்.”

அந்தக் குளிரிலை, ஒரு காலோடை, எப்பிடி வாறது? எப்பிடி விட்டிட்டு வந்தவங்கள்? அவனைத் திட்டவும் வாய் வரேல்லை. அவனும் ஒரு தாயின்ரை பிள்ளை. அரைவாம். நாசமாப் போவான், அரைவாம்.

மாமி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். “நான் கூட்டிப்போட்டன், பிள்ளை. அவன் நடுவழியிலை நிக்கேக்கை கூட்டிப்போட்டன்,” என்று தலையில் அடித்துக்கொண்டார். அது கூட்டுவதற்கு முதலே நடந்தது என்று சொன்னேன். எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியாது. மாமி நம்பவுமில்லை. விளக்குமாற்றைக் கொண்டுபோய்க் கிணற்றடிக் கொட்டிலுக்குள் செருகிவிட்டு வந்தார்.

20 நவம்பர், புதன்

திரும்பவும் மண். விறாந்தையெல்லாம் வேப்பஞ்சருகு. வகுப்பை நிறுத்திவிட்டேன்.

28 நவம்பர், வியாழன்

எல்லைக் காட்டில் கண்டெடுத்த ஓர் உடலின் படத்தை அங்குள்ள பொலிஸ் கொழும்பு வழியாக அனுப்பியிருந்தது. மண்ணிற ஸ்வெற்றர். யாழ்ப்பாணத்தில் இதை எங்கே போடப்போகிறீர்கள் என்று நான் பகிடி பண்ணினேனே, அதேதான். முகத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள். பார்த்தேன். ஓம் என்றேன்.

மாமியிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கு முடியாது. கிழவி இப்போதுதான் இரண்டு வாய் சாப்பிட்டது.

10 டிசம்பர், செவ்வாய்

காலையில் கொழும்பு வெளிவிவகார அமைச்சிலிருந்து ஒரு பெண் கதைத்தாள். சுத்தமான இங்கிலிஷ். உடல் வியாழக்கிழமை ‘அரைவ் அற் கட்டுநாயக்க எயார்போட்’ என்றாள். விமானத்தின் இலக்கத்தையும் நேரத்தையும் சொன்னாள். ஏஜென்றிடம் நான் கேட்ட கேள்விக்கு ஒருத்தி இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொன்னாள். வாய் பழக்கத்தில் ‘தாங்க் யூ’ என்றது.

குசினிக்குப் போய் மாமியின் பக்கத்தில் நிலத்தில் இருந்து சொன்னேன். படம் பார்த்ததையும் சொன்னேன். மாமி அழவில்லை. அடுப்பில் இருந்த பானையை இறக்கி வைத்தார்.

“உன்ரை முகத்தைப் பாத்து அண்டைக்கே விளங்கீட்டுது,” என்றார். பிறகு கேட்டார்: “எங்கை, எப்ப வந்து சேருறான்?”

சொன்னேன்.

“வேறை ஆளெண்டு இருக்காதே?”

“இல்லை, மாமி. நான் பாத்தனான்.”

மாமி எழுந்து கிணற்றடிக்குப் போனார். கொட்டிலுக்குள் செருகியிருந்த விளக்குமாற்றை உருவி எடுத்து, ஈர்க்குகளை உள்ளங்கையில் குத்திச் சமப்படுத்திக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

“இனிக் கூட்டலாம், பிள்ளை.”