பின்கொசுவம் வைத்த காவல்காரி

என் தங்கமே பேச்சி,

உன் காவல்காரி வெளியே வந்துவிட்டாள். நீயும் நானும் இரண்டு வருஷம் உட்கார்ந்து உடுப்புச் செய்து கொடுத்த அந்த மாயாஜால வீடியோ கேம் போன மாதம் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு கோட்டையின் வடக்கு வாசலில் ஆறு பெண்கள் வேலோடு நிற்கிறார்கள். ஆறு பேரும் நீ கட்டிவிட்ட சேலையில்தான் நிற்கிறார்கள். இதை உன்னிடம் நேரில் சொல்ல முடியாத ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

மதுரை பைபாஸ் ரோட்டு மாடியில் அந்த ஸ்டுடியோவில் பதினான்கு பேர் இருந்தோம். பெண்கள் நாம் இரண்டு பேர்தான். வெளிநாட்டுக் கம்பெனி வரைந்து அனுப்பும் படத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரில் அதற்கு உடம்பு செய்து உடுத்திவிடுவது வேலை. கோட்டையும் டிராகனும் ஆண்களுக்குப் போகும், துணிமணி நமக்கு வரும். அதெல்லாம் பொம்பளைகளுக்குத்தானே தெரியும் என்று டீம் லீடர் ரமேஷ் சொன்னபோது நான் சிரித்துவைத்தேன். நீ சிரிக்கவில்லை. உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் நீ. யாருக்காகவும் சும்மா சிரித்து எனக்கு நினைவில்லை.

அப்புறம் அந்தப் படம் வந்தது. ஆண் காவலர்களுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை இரும்புக் கவசம். பெண்ணுக்கு மார்பில் இரண்டு தகடு, இடுப்பில் ஒரு பட்டை, அவ்வளவுதான். நீ அதை ரமேஷின் மேஜைக்கே எடுத்துக்கொண்டு போனாய்.

"அண்ணே, இவ காவலுக்கு நிக்கிறாளா, குளிக்கப் போறாளா?"

அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வந்த படத்தை வந்தபடி செய் என்றார்.

செய்தாய். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொருத்தியையும் செய்ய ஆரம்பித்தாய். உன் அம்மா களையெடுக்கப் போகும்போது கட்டுவதுபோல் ஏற்றிக் கட்டிய சேலை, பின்னால் கொசுவம், தோளில் தோல் கவசம், இடுப்பில் அகலமான இரும்புக் கச்சை. நிற்கவைத்தால் கம்பீரமாக நின்றாள். ஓடவிட்டால் முழங்கால் சேலையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. துணி எது, கால் எது என்று கம்ப்யூட்டருக்கு நாம்தானே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மறுநாள் உன் அம்மாவின் சேலையைப் பையில் கொண்டுவந்தாய். எனக்குப் பின்கொசுவம் வைத்துக் கட்டிவிட்டு, மொட்டை மாடியில் ஓடச் சொன்னாய். சௌராஷ்டிராக்கார வீட்டில் சுடிதாரிலேயே வளர்ந்த நான் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். நீ குத்தவைத்து உட்கார்ந்து கொசுவம் ஆடுவதையே பார்த்துக்கொண்டு, "இன்னும் வெரசா ஓடுக்கா" என்றாய். ஒன்பது மடிப்பை ஐந்தாகக் குறைத்தாய். கம்ப்யூட்டர் பொம்மையின் காலை அசைக்க உள்ளே ஓர் எலும்பு இருப்பதுபோல, மடிப்புக்கும் உள்ளே தனியாக எலும்பு வைத்தாய். அதற்குப் பிறகு அவள் ஓடினாள், பேச்சி. குதித்தாள், படியேறினாள். சேலை ஓர் இடத்திலும் விலகவில்லை.

இந்தப் பட்டிக்காட்டு உடுப்பை வைத்து எவன் விளையாடுவான், கம்பெனிக்கு அனுப்ப முடியாது என்றார் ரமேஷ். நாளைக்குப் பேசிக்கொள்கிறேன் என்று நீ என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். அந்த நாளை வரவில்லை. காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை. இருபத்து மூன்று வயதுப் பெண்ணை ஒரு காய்ச்சல் இப்படியா கொண்டுபோகும்? யாரிடம் போய்க் கேட்பது?

உன்னைத் தூக்குவதற்கு முன்னால், வாசலில் உன் தாய்மாமா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மதுரையில கம்ப்யூட்டர்ல அம்மணப் பொம்மை செய்யிற வேலைக்குப் போனா. அப்பவே வேணாம்னேன்." உன் பையில் எப்போதோ அந்தக் கம்பெனிப் படத்தைப் பார்த்திருக்கிறார். நீ எதை எதிர்த்து நின்றாயோ, அதையே உன் தலையில் கட்டிவிட்டார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். புது ஆள் வருகிறார், பேச்சியின் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்துவிடு என்றார் ரமேஷ். நான் அழிக்கவில்லை. உன் காவல்காரியை, அவள் ஓடும் படத்தோடு சேர்த்து, நேராக அந்தக் கம்பெனிக்கே அனுப்பினேன். செய்தவர் பேச்சியம்மாள் என்று உன் பெயரை முழுசாக எழுதினேன். கம்பெனியோடு லீடர் மட்டும்தான் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள்.

"தப்பு செஞ்சாத்தானண்ணே மன்னிப்புக் கேக்கணும்" என்றேன்.

அந்த வாரத்தோடு என் வேலை போனது. வீட்டில் அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒருத்தர் முகத்துக்கு நேராகப் பேசிவிட்ட திமிர்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ரமேஷே போன் செய்தார். தெற்கு வாசலில் அந்தத் தகடுக்காரிதான் நிற்பாளாம், வடக்கு வாசலுக்கு மட்டும் உன்னவளை எடுத்துக்கொள்கிறார்களாம். மடிப்புக்குள் நீ வைத்த எலும்பு எப்படி அசைகிறதென்று ஸ்டுடியோவில் ஒருவருக்கும் புரியவில்லை. பேச்சியின் பெயரைப் போடுவதாக இருந்தால் சொல்லித்தருகிறேன் என்றேன். சரி என்றார். சொல்லிக்கொடுத்தேன்.

பெயர் வரவில்லை, பேச்சி. விளையாட்டின் கடைசியில் ஓடும் பெயர்களை மூன்று தடவை பார்த்துவிட்டேன். நம் ஸ்டுடியோவின் பெயரே அதில் கிடையாது. அதனால்தான் இதை ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். அந்தச் சேலையைக் கட்டிவிட்டவள் உசிலம்பட்டிப் பேச்சியம்மாள். வேறு யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, என் தம்பியின் கம்ப்யூட்டரைப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் மாமாவையும் வரச்சொல்லியிருந்தேன். வடக்கு வாசல் திரையில் வந்ததும் உன் அம்மா கிட்டே போய், வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள்.

"கொசுவம் சரியாத்தான் வச்சிருக்கா. முந்தியத்தான் இன்னும் இறுக்கிச் செருகணும்."

நான் மாமா பக்கம் திரும்பினேன்.

"அன்னைக்கு வாசல்ல ஒரு வார்த்த சொன்னீங்க மாமா. இவளப் பாத்துக்கிட்டு அத இப்பச் சொல்லுங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இதெல்லாம் வெவரம் தெரியாதுத்தா" என்றார்.

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. அன்னைக்கு யாரெல்லாம் கேட்டாகளோ, அவுககிட்டப் போயி இதச் சொல்லுங்க."

தலையை ஆட்டினார். சொல்வாரா என்று தெரியாது. சொல்லும்வரை நான் வந்துகொண்டேதான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

சொந்தமாக இதே வேலையை எடுத்துச் செய்ய, கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மாடி அறை பிடித்திருக்கிறேன். வாடிப்பட்டியிலிருந்து ஒரு பெண், கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பெண், இருவரும் என்னோடு வேலை பார்க்கிறார்கள். இப்போதைக்கு நமக்கு இன்னும் வெளியிலிருந்துதான் படம் வருகிறது. அதை இப்படியே விடுவதாக இல்லை. யார் எதை உடுத்த வேண்டும் என்ற முதல் கோடே இந்த அறையில் விழ வேண்டும், அதை வாங்கிச் செய்ய அந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் காத்திருக்க வேண்டும். அதைச் செய்து முடிக்காமல் இந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு பிறக்காத உன் அக்கா,
சுகந்தி