பூட்டிய வீட்டின் தண்ணீர்த் தொட்டி

குத்தம்பாக்கம்
ஆவணி 12

அன்புள்ள அசோக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், அந்த டப்ளின் குளிரில் நீயும் மருமகள் கிருஷ்ணப்பிரியாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் தெருவில் ஏழு பேருக்கு மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். உடனே நலச்சங்கச் செயலாளர் தமிழரசு துப்பறிந்துவிட்டார், பெரிய மூளை! நாகம்மாவின் வாடகை அறைகளில் இருக்கும் குடோன் கூலியாட்கள் வடக்கேயிருந்து நோயைக் கொண்டுவந்துவிட்டார்களாம், காலி பண்ண வேண்டுமாம். புகை அடிக்க வந்தவர்களோ தெருவைப் புகையாக்கி, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தனாவது ஒரு தொட்டி மூடியைத் திறந்து பார்த்தானா? முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியா ரத்தம் பார்த்தவள் இதே தெருவில் இருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? தூ! நானே நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், யாருக்கு எந்தத் தேதியில் குளிர் வந்தது என்று எழுதினேன். கூலியாட்கள் வந்தது ஆடி பத்தாம் தேதி. முதல் காய்ச்சல் ஆனியிலேயே, அதுவும் தமிழரசுவின் மாமியாருக்கு! கூலியாட்கள் பக்கம் காய்ச்சலில் படுத்தது ஒரே ஒருத்தி, ஆறு மாதக் கர்ப்பிணி ரேஷ்மா, அதுவும் கடைசியாக. இங்கே வந்துதான் அவளுக்குத் தொற்றியிருக்கும். காய்ச்சல் கண்ட வீடெல்லாம் ஒரு வீட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. எந்த வீடு என்கிறாய்? பூட்டிக்கிடக்கும் உன் வீடு.

மாடி ஏறினேன். வைகாசியில் வந்த புயலில் காலி டேங்க் பறந்துவிடும், நிரப்பி வை அம்மா என்றாயே, நிரப்பியவள் நான்தான். டேங்க் நின்றது, மூடி பறந்துவிட்டது, நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. கரண்டியால் மொண்டால் நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கின்றன மலேரியாக் கொசுவின் புழுக்கள். ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்த எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. சங்கக் கூட்டத்தில் எழுந்து அப்படியே சொன்னேன். தமிழரசு தொண்டையைச் செருமிவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும் மேடம், அந்தக் கூலியாளுங்க எப்படியும் காலி பண்ணட்டும் என்றார். கேட்டாயா நியாயத்தை! அன்று சாயங்காலமே நாகம்மா அவர்களைக் காலி பண்ண வைத்துவிட்டாள். நான் இன்னாக்கா பண்றது, அல்லாரும் ஊட்டாண்ட வந்து நின்னுகினு கீறாங்கோ என்று அழுகிறாள். மற்றவர்கள் குடோனிலேயே போய்ப் படுத்துக்கொண்டார்கள், மலேரியா மாத்திரைகூட இன்னும் சாப்பிட்டு முடிக்காத ரேஷ்மா புருஷனும் மூட்டையுமாகத் தெருவில் நின்றாள்.

வாடகைக்கு விட்டால் சுவர் அழுக்காகும் என்றாயே, அந்தச் சுவருக்குள்தான் இப்போது அவளும் அவள் புருஷனும் இருக்கிறார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடி போட்டுவிட்டேன். மீதி மாத்திரையை எதிரே நின்று விழுங்க வைக்கிறேன். பிரசவமாகிப் பிள்ளைக்குத் தலை நிற்கும்வரை அவர்கள் அங்கேதான். வேண்டாம் என்று சொல்லப் போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். மற்றதற்கெல்லாம் செய்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. பொங்கலுக்கு வரும்போது சாவி கொண்டுவர வேண்டாம், கதவைத் தட்டு, உள்ளே ஆள் இருப்பார்கள்.

உன் அம்மா,
தாட்சாயிணி