சுண்டெலியை மாற்றிக் கொடுக்க வேண்டாம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் மனசு நலமாக இல்லை, நீயாவது அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசித்தான் இத்தனை வினையும் வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆளுக்கொரு மூலையில் இருந்தாலும் சேர்ந்து விளையாடலாம் என்று கணினியில் அந்த பேஸ்பால் விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, உனக்கும் எனக்கும் மாமாவுக்கும் ஆளுக்கோர் அணி. என் அணியில் பந்து எறிகிற பிட்சருக்கு உன் தம்பியின் செல்லப்பேரையே வைத்தாய், சுண்டெலி என்று. அந்தச் சுண்டெலி கொஞ்ச நாளாக எறிகிற லட்சணம் இருக்கிறதே, எதிரணிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறான். உன் மாமா லேசுப்பட்டவனா, "அக்கா, அவனை எனக்குக் குடுத்துடு, பதிலுக்கு நல்லா அடிக்கிற ஆள் ஒருத்தனைத் தர்றேன்" என்று ஒரே நச்சரிப்பு. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு, "சுண்டெலி இனிமே தேறமாட்டான்டா, அவனை வெச்சுக்கிட்டு எவ்வளவு நாள் தோத்துக்கிட்டே இருக்கறது, நீயே கூட்டிக்கிட்டுப் போ" என்று கத்தினேன். அவனும் "அனுப்பு, நான் வேலை வாங்கிக்கறேன்" என்றான். போனை வைத்த கையோடு கணினியில் ஆள் மாற்றத்துக்குச் சம்மதம் என்று அழுத்தியும் விட்டேன். அச்சகத்தில் ஆள் குறைத்ததிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கிற உன் தம்பி பக்கத்து அறையில்தான் இருந்தான் பாப்பா.

போய்ப் பார்த்தால் துணியெல்லாம் பையில். "யாரும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வேணாம், நானே போறேன்" என்கிறான். திங்கட்கிழமை கிளம்புகிறானாம், எங்கே என்று கேட்டால் பையின் ஜிப்பை இழுத்து மூடுகிறான். கணினி முன்னால் இழுத்து வந்து, இவனைத்தான் சொன்னேன், உன்னை இல்லை என்று காட்டினேன். பேரைப் படித்துவிட்டு, "தேறமாட்டான்னு சொல்லும்போது உனக்கு என் ஞாபகமே வரலையாம்மா" என்று கேட்டான். மாமாவிடம் சொன்னால் "பேரை மாத்திட்டுக் குடு" என்கிறான், விவரங்கெட்டவன்.

விளையாட்டை நடத்துகிறவள் நீ. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வேண்டாம் என்று அழுத்தாவிட்டால் பிட்சர் தானாகவே மாமா அணிக்குப் போய்விடுவானாம். தோற்பது எனக்கு ஆகாது என்று உனக்கே தெரியும், ஆனாலும் தோற்றுவிட்டுப் போகிறேன், அவன் இங்கேயே இருக்கட்டும். தம்பியிடமும் நீயாகப் பேசு, வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்டு வைக்காதே.

இன்றைக்கும் சுண்டெலியைத்தான் எறிய விட்டேன். எதிரணி அடித்த அடி என்றால் அப்படி ஓர் அடி. பாதி ஆட்டத்தில் எனக்குப் பின்னால் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது, நான் திரும்பவில்லை. அவனை வெளியே எடுத்துவிடலாமா என்று யோசித்தபோது, "இன்னொரு ஓவர் குடுத்துப் பாரும்மா" என்றான் உன் தம்பி. இந்த விளையாட்டில் ஓவர் எல்லாம் கிடையாது என்று நான் சொல்லவில்லை. கொடுத்தேன். பை இன்னும் வாசலில்தான் இருக்கிறது.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிறு, மறந்துவிடாதே.

பிள்ளைகளை யாருக்கும் மாற்றிக் கொடுக்காத,
உன் அம்மா