நான் எடுத்துக்கொடுத்த வசனம்

அன்பான யோகா அக்கா,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நாடகம் போடுகிறவளுக்கு வசனத்துக்கா பஞ்சம்? என்ன முகத்தோடு உங்களிடம் பேசுவது என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

எல்ல ஊரில் பழைய துரை பங்களா ஒன்றில் நம்மை ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஒன்றாகத் தங்கவைத்தார்களே, அந்த வதிவிடப் பட்டறைக்காரர்கள்தான் எழுதியிருந்தார்கள். அங்கே உருவான வேலைகளையெல்லாம் கொழும்பில் ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைக்கிறார்களாம். நீங்கள் அங்கே வரைந்த படத்தைத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நீங்கள் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனீர்கள். நான் சுருட்டி எடுத்துவந்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். ஐந்து வருடத்தில் ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை.

அந்தப் பட்டறையின் ஏற்பாடே கொஞ்சம் விசித்திரமானது. புதிதாக வருகிற ஒரு கலைஞரையும், பெயர் எடுத்த வேறு துறைக்காரர் ஒருவரையும் சோடி சேர்த்து ஒரே இடத்தில் தங்கவைப்பார்கள். பெயர் எடுத்தவருக்கு வழிகாட்டி என்று பட்டம். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. நாலு நாடகம் போட்டு, பத்திரிகையில் படமும் வந்து, தலை கொஞ்சம் கனத்திருந்த நேரம். புதிய கலைஞரான உங்களுக்கு நாற்பத்து மூன்று. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குழந்தைகளுக்காக அதன் சுவரெல்லாம் அடுப்புக்கரியால் யானையும் ரயிலும் வரைந்திருந்தீர்கள். அதைப் பார்த்த ஓர் அதிகாரி, உங்களிடம் கேட்காமலே விண்ணப்பம் போட்டுவிட்டார்.

முதல் நாள் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "நான் கரியில கோடு இழுக்கிறவ. நீங்க நாடகம் போடுறவங்க. ஆறு கெழமைக்கு ரெண்டு பேரும் சேந்து என்னாங்க மிஸ் செய்யிறது?" நான் கலைகளின் ஒற்றுமை, உரையாடல் என்று ஏதோ அளந்தேன். நீங்கள் மரியாதையாகத் தலையாட்டினீர்கள்.

எனக்குத் தெரிந்ததைத்தானே நான் செய்வேன்? உங்களைப் பங்களாவின் பின்பக்கம் கூட்டிப்போய், எதிரே இருக்கும் மலையைப் பார்த்து உங்கள் பெயரைக் கத்தச் சொன்னேன். மூன்று நாள் முயன்றோம். கொழும்பிலிருந்து வரும் நடிகர்களுக்கு அரை மணி நேரத்தில் வரும் குரல் உங்களுக்கு வரவேயில்லை. நான் எரிச்சல்பட்டேன், அதை மறைக்கவும் இல்லை. நாலாம் நாள்தான் நீங்கள் காரணம் சொன்னீர்கள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை. நடுவில் இருக்கும் சுவர்கள் கூரைவரை போவதில்லை. மேலே திறந்து கிடக்கும். ஒருவர் இருமினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். அதனால் பிறந்ததிலிருந்தே மெதுவாகப் பேசப் பழகிவிடுகிறார்கள். அதோடு எல்லோரும் ஒரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். "பக்கத்து காம்பராவுல சண்ட போட்டா ஒவ்வொரு வார்த்தையும் கேக்குங்க. ஆனா காலையில பீலியில தண்ணி புடிக்கையில பாத்தா, சாப்டாச்சான்னு மட்டுந்தான் கேப்போம். செவருக்கு மேல வந்தத நாங்க யாரும் பேசிக்க மாட்டோம்" என்றீர்கள். நான் அதை ஆசையாகக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். நல்ல காட்சி ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

நான் யாழ்ப்பாணத்தில், நாலு பக்கமும் வேலி அடைத்த வளவுக்குள் வளர்ந்தவள். அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிய நாங்கள் வேலியில் பொட்டு, ஓட்டை, தேடி எட்டிப் பார்ப்போம். எனக்கு உங்கள் கட்டுப்பாடு வெறும் பயமாகத் தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் மானத்தோடு வாழ்வதற்கு உங்களிடம் இருந்த ஒரே கதவு அதுதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் கிழமை அந்தப் படத்தைத் தொடங்கினீர்கள். கோதுமைமாச் சாக்கைப் பிரித்துத் தைத்த பெரிய துணி, அதில் கரி. அடுப்புக்கு முன்னால் ஒரு பெண் முதுகு காட்டிக் குந்தியிருக்கிறாள். பக்கத்தில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி, ஆனால் ஆள் ஒருத்திதான். யார் இது என்று நாலு நாள் உங்களைப் போட்டு அரித்தேன். ஐந்தாம் நாள் சொல்லிவிட்டீர்கள்.

அது உங்கள் பக்கத்துக் காம்பரா பார்வதி அக்கா. தொண்ணூறுகளின் நடுவில் தன் மகள் சுமதியைப் பதினாலு வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியவர். இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு அந்த வீட்டுக்காரர்கள் எங்கோ குடிபோய்விட்டார்கள், பிள்ளையைப் பற்றித் தகவலே இல்லை. தாய் இரண்டு தடவை கொழும்புக்குப் போய்த் தேடி வெறுங்கையோடு திரும்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையிலும் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, "எந்திரி சுமதி, தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிடுவாராம். சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள் மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பீர்கள்.

பட்டறை முடிகிற நாளில், படத்துக்குப் பக்கத்தில் நின்று அந்த வசனத்தை நீங்களே சொல்ல வேண்டும் என்றேன். வேணாங்க மிஸ் என்றீர்கள். "தாயின்ர பேரைச் சொல்லாட்டி அது ஆர் எண்டு ஆருக்குத் தெரியும் அக்கா? கலைஞர் எதையும் ஒளிக்கக் கூடாது" என்றேன். நீங்கள் அதற்குப் பிறகு மறுத்துப் பேசவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எப்படி எடுத்துக்கொண்டேன்? வயதில் மூத்த ஒருவர் என்னை வாய்க்கு வாய் மிஸ் என்று அழைப்பதன் பொருள் எனக்கு உறைக்கவேயில்லையா?

இதுவரை செய்ததை மன்னிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அடுத்ததை எப்படி மன்னிப்பது? உங்களுக்குச் சொல்லாமல், உங்கள் லயத்து ஆட்களைக் கூட்டிவர ஒரு வான் வண்டியை ஒழுங்கு செய்தேன். தங்கள் யோகாவை நாலு பெரிய மனிதர்கள் கைதட்டிப் பாராட்டுவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த வானில் பார்வதி அக்காவும் வரக்கூடும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு அவர் ஒரு படம், ஒரு வசனம். வானில் ஏறி வரக்கூடிய ஆளாக அவரை நான் நினைத்தே பார்க்கவில்லை.

நீங்கள் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். இரண்டாவது வரிசையில் நீலச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் உங்கள் முகம் வெளுத்தது. வாய் திறக்கவில்லை. நான் ஓரத்தில் நின்றுகொண்டு மேடைப் பயம் என்று நினைத்தேன். நடிகர் வசனம் மறந்து நின்றால் எடுத்துக்கொடுப்பது எனக்குக் கைவந்த பழக்கம். மண்டபம் முழுக்கக் கேட்கும் குரலில் எடுத்துக்கொடுத்தேன்: "எந்திரி சுமதி, தேத்தண்ணி ஆறுது."

கொழும்பிலிருந்து வந்தவர்கள் கைதட்டினார்கள். நீலச் சேலைக்காரர் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெளியே போய் வானில் ஏறி உட்கார்ந்தார். அவர்தான் பார்வதி அக்கா என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பையை எடுத்துக்கொண்டு நீங்களும் போய் அதே வானில் ஏறினீர்கள்.

அடுத்த வருடம் உங்களைப் பார்க்க வந்தேன். உங்கள் காம்பராவுக்கும் பார்வதி அக்கா காம்பராவுக்கும் நடுவே, சுவருக்கு மேலிருந்த திறப்பை அந்தப் பக்கத்திலிருந்து உரச்சாக்குகளால் அடைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்ததைப் பார்த்தீர்கள். "இப்ப காலையில ஒண்ணும் கேக்குறதில்லைங்க மிஸ்" என்று மட்டும் சொன்னீர்கள். அதன் பிறகு நீங்கள் பிள்ளைக்காம்பராச் சுவரிலும் எதையும் வரையவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்புறம் நோய் வந்தது. உங்களை அடக்கம் செய்த பிறகுதான் செய்தியே எனக்கு வந்தது.

சரி அக்கா, இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. படத்தை அனுப்புவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. உங்களிடம் கேட்க முடியாது. கேட்கக்கூடியவர் இன்னும் ஒருவர்தான். போன கிழமை படத்தைத் தூக்கிக்கொண்டு பதுளையில் பஸ் ஏறினேன். மடுல்சீமை ரோடு நீங்கள் விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது.

பார்வதி அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வரச் சொல்லி முக்காலி போட்டார். "நீங்கதானே அன்னைக்கு அத சொன்னவங்க" என்றார். நான்தான் சொன்னேன், யோகா அக்கா சொல்ல மாட்டாமல்தான் நின்றார் என்றேன். "தெரியுமே. நான் அவ வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ சொல்லல. ஆனா ஒங்ககிட்ட சொன்னது அவதானே" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். சுவருக்கு மேலே சாக்குகள் இல்லை. நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, உங்கள் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோர் வேலைக்குப் போகும் நேரத்தில் நீங்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று பார்வதி அக்காவே பிடுங்கிப் போட்டாராம். இது உங்களுக்குத் தெரியுமா அக்கா? படுத்துக்கிடந்தபடி அந்தத் திறப்பைப் பார்த்தீர்களா? காலையில் அவர் மகளைக் கூப்பிடும் குரல் மறுபடியும் உங்களுக்குக் கேட்டதா? அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

படத்தைத் தரையில் விரித்தேன். அவர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். கரி அங்கங்கே உதிர்ந்திருந்தது, ஆனால் முதுகும் அடுப்பும் இரண்டு கோப்பையும் அப்படியே இருந்தன. வேண்டாம் என்றால் இங்கேயே விட்டுப்போகிறேன், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். அவர் கேட்டது வேறு. "மூஞ்சி தெரியலயே" என்றார். அதுதான் நல்லது, கொழும்பில் யாருக்கும் நீங்கள் யார் என்று தெரியாது என்று ஆறுதல் சொன்னேன்.

"யாருக்கும் தெரியலன்னா எம் மகளுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? அவ கொழும்புலதானே இருக்கா" என்றார்.

முகத்தை வரையச் சொல்கிறார் என்று நினைத்து, அக்கா, உங்கள் கோடுகளை யாரும் தொட விடமாட்டேன் என்றேன். அப்படியானால் பக்கத்தில் தன் போட்டோவை மாட்டச் சொன்னார். கீழே பெயர், தோட்டம், லயத்தின் இலக்கம், எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதச் சொன்னார். காட்சி தொடங்கும் அன்றைக்குத் தானும் வருவதாகவும், அந்த வசனத்தைத் தானே சொல்வதாகவும் சொன்னார். எனக்குள் இருக்கும் டைரக்டர் உடனே விழித்துக்கொண்டாள். எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று கையை ஆட்டி விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க ஒண்ணும் எடுத்துக் குடுக்க வேணாம் மிஸ். நான் அத தெனமும் சொல்றவ."

சுமதி அந்த மண்டபத்துக்கு வருவாளா என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாது. ஆனால் இதைச் செய்து முடிப்பேன் அக்கா. பார்வதி அக்காவை நானே வந்து கூட்டிப்போவேன், நானே திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். அவர் படத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம் அவர் பேசாமல் நின்றாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

உங்கள் தங்கை,
வதனி