கசிகிற வால்வுக்கு ஒரு கிளிப்

தம்பி,

நைட் டியூட்டி முடிந்து பசியோடு வருவாய். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள். கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டரைக் கொடுத்துவிடு.

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். நெஞ்சைத் திறக்க மாட்டார்களாம். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தில் கசிகிற வால்வுக்கு ஒரு கிளிப் மாட்டுவார்களாம். நேற்றே சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அன்றைக்கு நீ, "எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ"ன்னு கத்தினதிலிருந்து இந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது.

பயமாக இருக்கிறதடா.

அக்கா

பின்குறிப்பு: நர்ஸ் போனில், "கூட யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டாள். உன்னைக் கேட்காமலே, "என் தம்பி"ன்னு சொல்லிட்டேன். இதயப் பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறது.